பருத்திப்பட்டில் பருத்தி எங்கே?

அம்பத்தூரில் ரயில் ஏறினால் திருவள்ளூர் போய்ச் சேர முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் இருவருக்கும் செல்போன் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் அப்பா போட்ட விதி. போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாத்தா ஊருக்குப் போகும் வழியில், வேறு வேலை இல்லாததால் ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி, இந்து கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர், வேப்பம்பட்டு. அங்கே நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, வேப்பம்பட்டுல வேப்ப மரம் இருக்குமா?”

அவருக்குப் பதில் தெரியவில்லை. பதினாறு வருடமாக அந்தப் பாதையில் போய் வருகிறவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லேத் வேலை. திருவள்ளூருக்கு மேற்கே ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் கழனி வைத்திருக்கும் குடும்பத்தின் மூத்த பிள்ளை. வேப்பம்பட்டு என்ற பெயரை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அதற்குள் ஒரு மரம் இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது.

“இறங்கிப் பாக்கலாமா?” என்றான் இரண்டாம் வகுப்புப் பையன்.

அன்று இறங்கவில்லை. ஆனால் ஊர் போய்ச் சேர்வதற்குள் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் உருவாகிவிட்டது. முல்லைக்குத் திருமுல்லைவாயில், வேல மரத்துக்குத் திருவேற்காடு, அத்திக்கு அத்திப்பட்டு, மாவுக்கு மாங்காடு, பருத்திக்குப் பருத்திப்பட்டு, வேம்புக்கு வேப்பம்பட்டு, மல்லிக்குப் பூந்தமல்லி, நெல்லுக்கு நெற்குன்றம். எட்டும் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்கள். இருவாரத்துக்கு ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்குக் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும். ஊர்ப் பெயரில் இருக்கும் செடி அந்த ஊரில் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஓர் இலை எடுத்து வந்து ஏட்டில் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தைக் காலியாக விட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

இலை ஏடு செய்த விதம்

நூறு பக்கப் பெரிய ஓவிய நோட்டு ஒன்று வாங்கினார்கள். இலையை அப்படியே ஒட்டினால் இரண்டு நாளில் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் இலையை விரித்து, ஓர் இலையைத் திருப்பிப் போட்டு, அடிப்பக்க நரம்பும் தெரியும்படி வைத்தார்கள். மேலே ஒரு பலகை, அதன் மேல் அரிசி மூட்டை. முதல் நான்கு நாள் தினமும் தாளை மாற்றினார்கள். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை. பத்து நாளில் இலை மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஏட்டின் பக்கங்களுக்கு இடையில் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தால் பூச்சி அண்டாது.

ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு விவரம் எழுத வேண்டும் என்று பிள்ளைகளின் அம்மா சொன்னார். செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த தேதி, பக்கத்தில் என்ன இருந்தது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் உலர்தாவர நிலையம் இருக்கிறது. அங்கே நூறு வருடத்துக்கு முன் பறித்த செடிகள்கூடக் காய்ந்த தாள்களில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு மதிப்பு வருவதே இடமும் தேதியும் எழுதியிருப்பதால்தான். இடம் எழுதாத இலை வெறும் சருகு.

வேம்பும் முல்லையும்

முதலில் போனது வேப்பம்பட்டு. ஆடி பிறந்து சில நாள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து கால் கிலோமீட்டர் நடப்பதற்குள் நாலைந்து வேப்ப மரம் கண்ணில் பட்டன. கீழே மஞ்சள் பழம் உதிர்ந்து கிடந்தது. பையன் ஒரு பை நிறையப் பொறுக்கினான். வீட்டுக்கு வந்து சதையைக் கழுவிக் கொட்டையை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் கட்டி ஆணியில் மாட்டினார்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பூஞ்சணம் வரும் என்று தாத்தா போனில் சொன்னார். எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. பொறுக்கியதை எறிய மனமில்லை.

ஆவணியில் திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் கோயிலின் தல மரம் முல்லை. தொண்டைமான் என்ற அரசனின் யானைக் காலில் முல்லைக் கொடி சுற்றிக்கொண்டதாகவும், அவன் வாளால் வெட்டியபோது கொடிக்குள் இருந்த லிங்கத்தின் மேல் பட்டதாகவும் தல வரலாறு சொல்கிறது. யானையைக் கட்டிப்போடும் அளவுக்கு முல்லைக் காடு இருந்தது என்பதுதான் பிள்ளைகளைக் கவர்ந்த செய்தி. அந்தக் கோயிலில் எருக்கு மரத் தூண்கள் இரண்டு இருக்கின்றன. எருக்கை வேலியோரச் செடியாக மட்டுமே பார்த்திருந்த அப்பாவுக்கு, அது தூண் ஆகும் அளவுக்குப் பருக்கும் என்பதே செய்தியாக இருந்தது.

முல்லை இலையை வீட்டில் காய வைத்தபோது மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். பெரிய இலைக்கு அடியில் காம்பின் இரு பக்கமும் காது போல இரண்டு குட்டி இலைகள். பிறகு பூந்தமல்லி போனபோது வாங்கிய குண்டுமல்லிச் செடியில் அந்தக் காது இல்லை. பூ பூக்காத நாளிலும் முல்லையையும் மல்லியையும் இப்படிப் பிரித்துச் சொல்லிவிடலாம். நர்சரியில் நாற்று வாங்கும் விவசாயிக்கும் இது உதவும். குண்டுமல்லிக்குக் கார்த்திகை நடுவில் கவாத்து, முல்லைக்குத் தை நடுவில் கவாத்து. செடியை மாற்றி நினைத்து வெட்டினால் ஒரு பருவப் பூ போய்விடும்.

பூந்தமல்லிக்குப் பூவிருந்தவல்லி என்றும் பெயர் உண்டு. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் அது. இங்கே பூ வளர்த்துக் காஞ்சிபுரம் வரதருக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. அன்று மாலை வாழை நாரை நனைத்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் பூக்கட்டக் கற்றுக்கொடுத்தார் அம்மா. பையன் கட்டிய முழம் வாசல் வரை போவதற்குள் உதிர்ந்துவிட்டது.

ஏமாற்றிய வேல மரம்

ஐப்பசியில் திருவேற்காடு. கூவம் ஆற்றங்கரையோரம் முள் மரங்கள் அடர்ந்து கிடந்தன. மகள் ஒரு சிறு கிளையை ஒடித்துச் செய்தித்தாளுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கிட்டே வந்து பார்த்தார்.

“இன்னா பாப்பா, எதுக்கு இத ஒடிக்கிற?”

“வேல மரம் ஆயா. எங்க நோட்டுல ஒட்டறதுக்கு.”

“இது வேலன் இல்லம்மா. சீமைக்கருவேலம். வேலன் பட்டை வெளுப்பா இருக்கும். கோயிலாண்ட போய்ப் பாரு.”

பள்ளிக்கூடத்துக்கே போகாத பெண் அவர் என்பது பேச்சில் தெரிந்தது. ஆனால் முள் மரத்தில் எத்தனை வகை, எதன் காயை ஆடு விரும்பும், எதன் முள் காலில் குத்தினால் சீழ் பிடிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார். மகள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

திருவேற்காடு வேதபுரீசுவரர் கோயிலின் தல மரம் வெள்வேல். ஊர்ப் பெயரே வேல மரக் காடு என்பதிலிருந்து வந்தது. வெள்வேல் நம் மண்ணின் மரம். சிறு உருண்டைப் பூ, வெளிர்ப் பட்டை. அவரைக் குடும்பம் ஆதலால் வேர் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். சீமைக்கருவேலமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் தரிசு நிலத்துக்கும் என்று கொண்டுவரப்பட்டது. இன்று ஏரி உள்வாயிலும் வரத்துக்கால்வாயிலும் அதுதான் நிற்கிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த மரத்தைத் தேடிப் போனவர்கள் கையில் முதலில் சிக்கியது, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட மரம்.

அந்த ஒடித்த கிளையையும் எறியவில்லை. ஏட்டில் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒட்டினார்கள். கோயிலில் மரத்தை ஒடிக்காமல் கீழே உதிர்ந்து கிடந்த ஈர்க்கு ஒன்றை எடுத்து வந்திருந்தார்கள்.

அத்திப்பட்டு தொழிற்பேட்டையை ஒட்டியே இருக்கிறது. அப்பா தினமும் சைக்கிளில் கடக்கும் இடம். அத்தி மரம் இருக்காது என்று அவர் பந்தயம் கட்டித் தோற்றார். ஒரு சுற்றுச்சுவரின் மூலையில், யாரும் நடாமல் பறவை எச்சத்தில் முளைத்த அத்தி ஒன்று, தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து நின்றது. பழுத்த ஒன்றைப் பிளந்தபோது உள்ளே பொடிப் பூச்சிகள் பறந்தன. பையன் முகத்தைச் சுளித்தான். அத்திக்குப் பூ உள்ளேதான் இருக்கிறது என்பதையும், அந்தக் குளவி நுழையாவிட்டால் விதை பிடிக்காது என்பதையும் அம்மா சொன்ன பிறகு இன்னொன்றைப் பிளக்கச் சொன்னான். அத்தி தானாக முளைத்துச் செழித்த இடத்தில் நிலத்தடி நீர் மேலாக இருக்கும் என்பது கிணறு வெட்டுகிறவர்கள் கணக்கு. அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு காலத்தில் என்ன இருந்திருக்கும் என்று அப்பா யோசித்துக்கொண்டே வந்தார்.

மாங்காட்டில் மா இலைக்குப் பஞ்சமில்லை. கோயில் வாசலில் தோரணமாகவே கிடைத்தது. தோரணத்து இலை எந்த ஊர் மரத்தில் பறித்ததோ என்று மகள் அதை ஏற்கவில்லை. ஒரு வீட்டுக் கொல்லையில் கேட்டு வாங்கிய இலையைத்தான் ஒட்டினாள்.

காலியாக நின்ற பக்கம்

மார்கழியில் பருத்திப்பட்டு. ஆவடியை ஒட்டிய ஊர். பெயரைக் கேட்டதும் பையன் கேட்டான், “பருத்தியா, பட்டா? ரெண்டுல ஒண்ணுதானே இருக்கணும்?”

தொண்டை மண்டலத்தில் பட்டு என்று முடியும் ஊர்கள் நிறைய. பட்டு என்பதற்குச் சிற்றூர் என்று ஒரு பழைய பொருள் உண்டு. பாக்கம், பேடு, சேரி போல அதுவும் ஊர்ப் பெயரின் வால். பருத்தி விளைந்த சிற்றூர் பருத்திப்பட்டு, வேம்பு நின்ற சிற்றூர் வேப்பம்பட்டு.

பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டுப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். கூழைக்கடா நீந்தியது. படகில் போனார்கள். நல்ல பொழுது. ஆனால் நான்கு பேரும் தெருத் தெருவாக நடந்தும் ஒரு பருத்திச் செடி கிடைக்கவில்லை. விசாரித்த கடைக்காரர் செம்பருத்தியைக் காட்டினார். மகள் அந்தப் பக்கத்தில் தலைப்பை மட்டும் எழுதிக் காலியாக விட்டாள்.

திரும்பும்போது ஆவடி பஸ் நிலையத்தில் இன்னொரு விவகாரம் வந்தது. டேங்க் தொழிற்சாலை இருப்பதால்தான் ஆவடி என்று பெயர் வந்தது, அது ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று அப்பா கம்பெனியில் கேட்டதைச் சொன்னார். தாத்தாவிடம் போனில் கேட்டபோது அவர் சிரித்தார்.

“மாநாட்டுக்கு எங்க நைனா வண்டி கட்டிகினு போனாரு. அப்ப டேங்கு ஏது?”

ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்தது 1955 ஜனவரியில். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் போட்ட மாநாடு. கனரக வாகனத் தொழிற்சாலை அமைத்தது 1961-ல். அங்கிருந்து முதல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது 1965-ல். தொழிற்சாலைக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது. ஒரு போன் பேச்சில் பதினாறு வருட நம்பிக்கை ஒன்று கழன்று விழுந்தது. தாத்தாவிடம் இப்படி இன்னும் என்னென்ன இருக்கிறது என்று அப்பாவுக்கு அப்போதுதான் தோன்றியது.

ஆயா உருட்டிய திரி

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஏட்டையும் கொண்டுபோனார்கள். தாத்தா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, காலிப் பக்கத்தில் நின்றார். ஆயா ஒன்றும் சொல்லாமல் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். கிணற்றடி ஓரம் ஆள் உயரத்துக்கு ஒரு நாட்டுப் பருத்தி. விளக்குத் திரிக்காக எப்போதோ வைத்தது. வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும்.

அன்று முழுக்கத் திண்ணையில் அதுவே வேலை. வெடித்த காயிலிருந்து பஞ்சை எடுத்து, கொட்டையை விரலால் பிரித்து, பஞ்சை இழுத்து இழுத்து மிருதுவாக்கி, தொடையில் வைத்து உருட்ட வேண்டும். ஆயா நாற்பது திரி உருட்டும் நேரத்தில் மகள் மூன்று உருட்டினாள். பிரித்த கொட்டைகளைப் பையன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இலை கிடைத்துவிட்டதே, இப்போது ஒட்டலாமா என்று அம்மா கேட்டபோது, மகள் மறுத்தாள். இடம் பருத்திப்பட்டு என்று எழுத முடியாது என்பது அவள் வாதம்.

அதனால் மாசியில் அம்பத்தூர் வீட்டு மாடியில் பருத்தி விதைத்தார்கள். விதையைச் சாணிக் கரைசலில் புரட்டி உலர்த்தினால் ஒட்டிய பஞ்சு அமுங்கி விதை தனித்தனியாகும், முளைப்பும் சீராக வரும் என்று ஆயா சொல்லியிருந்தார். பத்து விதையில் ஆறு முளைத்தது. பழைய பெயின்ட் வாளி இரண்டில் அடியில் துளை போட்டு, வாளிக்கு ஒரு செடி என்று விட்டார்கள்.

பங்குனிக் கடைசியில் நுனிக் கொழுந்தில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. எறும்புகள் வரிசையாக ஏறின. பையன் அழுதே விட்டான். அப்போதுதான் ஆணியில் தொங்கிய துணிப்பை ஞாபகம் வந்தது. வேப்பங்கொட்டை மூன்று மாதத்திலிருந்து எட்டு மாதம் வரை வைத்திருந்தால் நல்ல வீரியத்தோடு இருக்கும், அதற்கு மேல் குறையும். அந்தப் பைக்கு எட்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேயே ஆகியிருந்தது. கழனியில் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு என்பது கணக்கு. வாளிச் செடிக்கு அதே கணக்கில் ஒரு லிட்டருக்கு 50 கிராம். ஓட்டை நீக்கிப் பருப்பை இடித்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்தார்கள். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சிப் பூச்சியை உதிர்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்தார்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று தடவை. ஒரு செடி பிழைத்தது. ஒன்று போய்விட்டது.

காலண்டர் தாளில் ஓர் ஏரி

பொங்கலின்போதே இன்னொரு வேலையும் நடந்திருந்தது. நெற்குன்றம் பக்கமும் காலிதான். நெல்லைக் குன்றாகக் குவித்த ஊர் என்று பெயருக்கு வாய்வழிக் காரணம் சொல்வார்கள். இன்று அங்கே கடைகளும் அடுக்குமாடி வீடுகளும்தான். நெல் தண்ணீர் இல்லாமல் வராது, ஆகவே நெல்லுக்கு இலையோடு தண்ணீர் வந்த வழியையும் எழுத வேண்டும் என்று தாத்தா மகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார்.

கரை மேல் நடந்து, மதகைக் காட்டினார். உபரிநீர் வழியும் கலங்கலைக் காட்டினார். மதகிலிருந்து வாய்க்காலோடு கூடவே நடந்து கழனி வரை வந்தார்கள். எங்கே கால் பிரிகிறது, எங்கே யார் மடை, சம்பாவுக்கு யாருக்கு முதல் தண்ணீர், நவரையில் தண்ணீர் குறைந்தால் எப்படி முறை வைப்பார்கள் என்று ஒவ்வொன்றையும் நின்று நின்று சொன்னார். மகள் பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் வரைந்தாள். ஏரிக்கு நீல வண்ணம், கழனிக்குப் பச்சை. தங்கள் கழனிக்குத் தண்ணீர் வருவதற்குக் கடைசித் துண்டாக, சித்தப்பா பங்கின் வடக்கு வரப்பை ஒட்டி ஒரு மெல்லிய நீலக் கோடு. ‘மூணு அடி’ என்று பக்கத்தில் எழுதியிருந்தாள். வரைபடம் அம்பத்தூர் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டது.

சித்திரையில் சித்தப்பா வந்தார். கடன் கழுத்தை நெரிப்பதாகவும், தன் பங்கு அறுபது சென்ட்டை விற்கப் போவதாகவும் சொன்னார். மனைக்காக வாங்குகிறவர், மண் கொட்டி மேடாக்கப் போகிறார். அண்ணன் பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் சென்ட்டுக்கு இன்னும் கூடுதலாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

“நீயும் குடுத்துடு அண்ணே. நீ எங்க வந்து பயிர் வெக்கப் போற?”

அவர் கேட்டதில் தவறு ஏதும் இல்லை. அப்பா அன்று பதில் சொல்லவில்லை. தன் அறுபது சென்ட்டைத் தாத்தா காலம் வரை தாத்தா பயிர் வைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் அவர் மனதில் இருந்தது. சித்தப்பா கிளம்பிய பிறகு, சட்டை மாட்டுவதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். காலண்டர் தாளில் அந்த நீலக் கோடு.

அது சித்தப்பா நிலத்துக்குள் ஓடியது. அந்த நிலத்தை மேடாக்கினால் கோடு அழியும். கோடு அழிந்தால் விற்காமல் வைத்திருக்கும் அறுபது சென்ட்டுக்குத் தண்ணீர் இல்லை. விற்க வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் இரண்டு வருடத்தில் விற்கத்தான் வேண்டிவரும்.

ஒரே குடும்பத்தின் நிலமாக இருந்தவரை அந்த வாய்க்காலுக்கு எழுத்து தேவைப்படவில்லை. அரசு வாய்க்கால்கள் புல வரைபடத்தில் இருக்கும். பட்டா நிலத்துக்குள் ஓடும் கடைசிக் கால்கள் பலவும் அதில் இருப்பதில்லை. இவர்கள் எடுத்துப் பார்த்த வரைபடத்திலும் இல்லை. நீண்ட காலமாக அனுபவித்து வந்த வழிக்கும் வாய்க்காலுக்கும் உரிமை கேட்க 1882-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் அதற்காக நீதிமன்றம் ஏறி இறங்கும் செலவில் பாதி நிலம் போய்விடும். விற்பதற்கு முன் பத்திரத்தில் எழுதிக்கொள்வதே லேசான வழி.

எழுத வைப்பது லேசாக இல்லை. மூன்றடிக் கால் போனால் மனைக்குப் பயன்படாது என்று வாங்குகிறவர் விலையைக் குறைத்தார். குறைந்த தொகையைத் தம்பியின் தலையில் கட்ட அப்பாவுக்கு மனம் வரவில்லை. தீபாவளி போனஸ் வாங்கித் தருகிறேன் என்று தானே ஏற்றுக்கொண்டார். கிரயப் பத்திரத்தில் நான்கு வரி கூடுதலாகச் சேர்ந்தது. வடக்கு வரப்பை ஒட்டி மூன்று அடி அகலத்துக்குப் பாசனக் கால், அதில் தண்ணீர் கொண்டுபோகவும் வருடா வருடம் தூர் எடுக்கவும் கிழக்குப் பங்குக்காரருக்கு உரிமை, நான்கு பக்க அளவு இன்னது என்று. எழுத்தர் கேட்ட அளவையெல்லாம் காலண்டர் தாளைப் பார்த்தே சொன்னார்கள். கழனிக்குப் போய்ச் சரிபார்க்கையில் ஓர் அடி கூட விலகவில்லை. தாத்தா காலடியால் அளந்து சொன்ன அளவு அது.

சித்தப்பாவின் நிலம் போய்விட்டது. அதை நிறுத்த அந்தக் காகிதத்தால் முடியவில்லை. மீதி அறுபது சென்ட்டில் இந்த வருடம் தாத்தா சொர்ணவாரி நட்டார்.

இந்த ஆடியில் மாடிப் பருத்தி வெடித்தது. வைகாசிக் கடைசியில் மஞ்சளாகப் பூத்து மறுநாளே சிவந்தபோது, வேறு செடி என்று நினைத்தவன் பையன். மொத்தம் நான்கு காய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைக் காம்போடு எடுத்துக்கொண்டு நான்கு பேரும் மீண்டும் பருத்திப்பட்டுக்குப் போனார்கள். முன்பு செம்பருத்தியைக் காட்டிய கடைக்காரர் காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதை இருந்தால் கொடு பாப்பா என்றார். ஏழு கொட்டை கொடுத்துவிட்டு வந்தார்கள். ஏட்டின் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் வீட்டில் முளைத்தால் அங்கே எடுத்த இலையைத்தான் ஒட்டுவாளாம்.

நெற்குன்றம் பக்கத்தில் தாத்தா கழனியின் நெல் தாள் ஒட்டியிருக்கிறது. எடுத்த இடம் என்ற வரியில் தாத்தா ஊரின் பெயர். பக்கத்தில் என்ன இருந்தது என்ற வரியில், ‘மூணு அடி வாய்க்கால், தண்ணீர் ஓடியது’ என்று எழுதியிருக்கிறாள்.

வாசகர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் ஊர்ப் பெயரில் என்ன மரமோ பயிரோ இருக்கிறது? அது இன்னும் ஊரில் நிற்கிறதா? உங்கள் கழனிக்குத் தண்ணீர் வரும் கடைசிக் கால் யார் நிலத்தின் வழியாக வருகிறது, அது எந்தப் பத்திரத்திலாவது எழுதியிருக்கிறதா? விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கையில் ஒரு பழைய காலண்டர் தாளைக் கொடுத்து, வீட்டுப் பெரியவரோடு மதகு வரை நடக்க விடுங்கள். வரைந்ததன் மேல் தேதி எழுத மறக்க வேண்டாம்.